அன்னைக்கு ஒழுகாத கூரை இன்னைக்கு ஏன் ஒழுகுது? – வீடு: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல கூரை பத்தினதுதான். அதுலயும் முக்காவாசி பேரு "2023 மழைல ஒண்ணும் ஆகல, இப்ப ஒழுகுது"ன்னுதான் எழுதிருக்கீங்க, நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்த முக்குன அந்த டிசம்பர் மழையத்தான் சொல்லுதீங்க. அதனால மொத கேள்விக்கு கொஞ்சம் நீளமாவே எழுதுதேன், ஓட்டு வீட்டுக்காரங்க எல்லாரும் படிச்சிருங்க.

அண்ணாச்சி, எங்க வீடு ஸ்ரீவைகுண்டத்துல, மாமனார் காலத்து ஓட்டு வீடு, மேல மச்சு உண்டு. 2023 மார்கழி மழைல வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி நின்னுச்சு, ஆனா கூரை ஒரு சொட்டு ஒழுகல. ரெண்டு வருசமா ஒரு தொந்தரவும் இல்ல. போன ஐப்பசில பட்டாசல் (ஹால்) மூலைல, செவத்து உச்சில, டீ கொட்டுன மாதிரி ஒரு கறை வந்துட்டு. ஆள கூப்ட்டு கறைக்கு நேர் மேல இருந்த நாலு ஓட்ட மாத்துனோம், அப்பறமும் கறை பெருசாத்தான் ஆகுது. இது அந்த மழைல பட்ட அடியா, புதுசா வந்ததா? – வாசகி, ஸ்ரீவைகுண்டம்

அக்கா, அந்த மழைல பட்ட அடியா இருக்க நெறைய வாய்ப்பு இருக்கு. ரெண்டு வருசம் சும்மா கெடந்துட்டு இப்ப எப்டி வரும்னு கேப்பீங்க, வரும், ஓட்டுக் கூரைல அப்டித்தான் வரும்.

அந்த டிசம்பர் 17, 18 ரெண்டு நாளையும் கொஞ்சம் யோசிச்சு பாருங்க. ஞாயித்துக்கிழம, மார்கழி ஒண்ணாந்தேதி. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பக்கம் பேஞ்சுட்டு. ஆயிரம் சதுரஅடி கூரைல அவ்வளவு மழை விழுந்தா அது கிட்டத்தட்ட 88 ஆயிரம் லிட்டர், 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கிற தண்ணி லாரி ஏழு லாரிய ஒரு வீட்டு தலைல கவுத்துன மாதிரி. உங்க ஊர்ல அதவிட கம்மியாவே பேஞ்சிருந்தாலும் ஒரு பழைய கூரைக்கு அது சாதாரண மழை இல்ல. ஆனா அன்னைக்கு யாரும் கூரைய பாக்கல, பாக்கவும் முடியாது, ஆறு ஊருக்குள்ள வந்துட்டு, உங்க ஊர் ஸ்டேஷன்லயே செந்தூர் எக்ஸ்பிரஸ் ஜனங்களோட நின்னுபோச்சு. தண்ணி வடிஞ்சப்பறம் சேறு அள்ளுனோம், அரிசி மூட்டைய தூக்கி போட்டோம், பீரோவ காய வச்சோம், செவத்துல தண்ணி நின்ன கோட்ட காட்டி போறவுக வாறவுககிட்ட எல்லாம் சொன்னோம். எல்லாருக்கும் கண்ணு தரைலயே இருந்துட்டு, தலைக்கு மேல இருக்கிறத அண்ணாந்து பாக்க யாருக்கும் தோணல.

ஓடு எப்டி அடி வாங்கும்னு தெரிஞ்சாத்தான் எங்க தேடணும்னு தெரியும். சீமை ஓட்டுக்கு அடில ரெண்டு சின்ன மூக்கு இருக்கும், அது ஓட்ட தாங்குற குறுக்குச் சட்டமான ரீப்பர்ல கொக்கி மாதிரி மாட்டி நிக்குது, பக்கவாட்டுல ஒரு ஓட்டோட வரிப்பள்ளத்துல அடுத்த ஓடு உக்காருது. ஒரு ஓடு ரெண்டு ரெண்டரை கிலோதான், பெரும்பாலும் ஆணி கூட கெடையாது, அதோட வெயிட்டுலதான் நிக்குது. காத்து உள்ள புகுந்து லேசா தூக்கி தூக்கி போடும்போது ஓடு பறந்து போனா நமக்கு தெரிஞ்சிரும், அன்னைக்கே மாத்திருவோம். பறக்காம, அரை இஞ்சி நகந்து உக்காந்துட்டுன்னா, இல்ல மூக்கு ஒடஞ்சு நிக்குதுன்னா, இல்ல மேல் ஓடு மூடிருக்கிற எடத்துல மயிர்க்கோடு மாதிரி விரிசல் விட்டுட்டுன்னா கீழ இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. சின்ன மழைக்கு ஒழுகவும் செய்யாது. ஒவ்வொரு மழைக்கும் நாலு சொட்டு உள்ள எறங்கும், ரீப்பர் அத குடிச்சுக்கும், வெயில் வந்தா காஞ்சிரும். அடுத்த ஆடில மேக்காத்து வந்து இன்னுங்கொஞ்சம் நகத்தும். இப்டி ரெண்டு வருசம் நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு காஞ்சு ரீப்பர் உளுத்து, அதுக்கப்பறம்தான் தண்ணி உங்க செவத்துக்கு வருது. நீங்க இப்ப பாக்குற கறை ஆரம்பம் இல்லக்கா, அது ரொம்ப நாளா நடந்துக்கிட்டு இருக்கிற ஒண்ணோட கடைசி.

இப்ப நாலு ஓடு மாத்துன விசயம். கறைக்கு நேர் மேல ஓட்டை இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. சரிவுக் கூரைல தண்ணி ஓட்டுக்குள்ள எறங்குன ஒடன கீழ விழாது, ரீப்பர் ஓரமா ஓடும், ரீப்பருக்கு அடில சரிவா போற கைமரத்த தொட்டா அந்த கைமரத்து அடிப்பக்கமா வழிஞ்சு வரும், எங்க ஒரு கணுவோ ஆணியோ தடுக்குதோ அங்க சொட்டும், தடுக்கலன்னா நேரா கைமரம் செவத்துல உக்காந்துருக்க எடம் வரைக்கும் வந்து செவத்துல எறங்கும். உங்களுக்கு செவத்து உச்சில கறைன்னா தண்ணி உள்ள வர்ற எடம் ஆறடி எட்டடி மேல, முகட்டுப் பக்கம் கூட இருக்கலாம். அதனால கறைல இருந்து சரிவு ஏறுற பக்கமா தேடணும், எறங்குற பக்கம் இல்ல.

எப்டி தேடுறதுன்னா, ஓட்டு மேல யாரையும் ஏத்துறதுக்கு முந்தி மச்சுக்குள்ள நீங்க ஏறுங்க. உச்சி வெயில் நேரத்துல ஏறி லைட்ட அணைச்சுட்டு, மச்சுக் கதவையும் சாத்திட்டு, கண்ணு இருட்டுக்கு பழகுற வரைக்கும் அஞ்சு நிமிசம் பேசாம உக்காந்துருங்க. ஓடு நகந்த எடம், மூக்கு ஒடஞ்ச எடம், முகட்டு ஓட்டுக்கு அடில வச்ச சாந்து கொட்டுன எடம் எல்லாம் வெளிச்சமா நூல் மாதிரி, புள்ளி மாதிரி தெரியும். அத சாக்பீஸால பக்கத்து கைமரத்துல குறிச்சு வச்சுக்கிடுங்க. வெளிச்சம் வர்ற எடமெல்லாம் ஒழுகும்னு இல்ல, ஓட்டுக் கூரைல கொஞ்சம் வெளிச்சம் சகஜம், ஆனா கோடு போட்ட மாதிரி வரிசையா இல்லாம ஒரு எடத்துல மட்டும் கோணலா வெளிச்சம் வந்தா அங்க ஓடு நகந்துருக்கு. அப்பறம் டார்ச்ச நேரா அடிக்காம மரத்து ஓரமா படுக்க வச்ச மாதிரி அடிச்சு பாருங்க, தண்ணி வழிஞ்ச தடம் கருப்பா, இல்ல வெள்ளையா உப்பு பூத்து தெரியும். கரையான் மண் ஏறிருக்கான்னும் பாருங்க, நனைஞ்ச மரத்த அது தேடி வரும்.

இதுல ஒரு எடம் ரொம்ப முக்கியம், கைமரத்து நுனி செவத்துக்குள்ள போற எடம். சேரன்மாதேவி பக்கம் எங்க அம்மா வீட்டுல அந்த மழைக்கப்பறம் நானே மச்சுக்கு மூணு தடவ ஏறிருக்கேன், மரமெல்லாம் நல்ல பனங்கை, தட்டுனா கிண்ணுன்னு இருக்கும், மேல சுண்ணாம்பு அடிச்சு வெள்ளையா பளிச்சுனு இருந்துட்டு, அதனால எதையும் குத்தி பாக்கல. போன புரட்டாசில சும்மா ஒரு ஸ்க்ரூ டிரைவர எடுத்து செவத்து ஓரமா, மரம் உள்ள நுழையிற எடத்துல ஒரு குத்து குத்துனேன். வெண்ணெய்ல போற மாதிரி பிடி வரைக்கும் உள்ள போயிட்டு. உருவுனா நுனில ஈரமான காப்பித்தூள் மாதிரி ஒட்டிக்கிட்டு வருது, ஒரு புளிச்ச வாடை. ரெண்டடி தள்ளி அதே மரத்துல குத்துனா கம்பி ஏறவே இல்ல. அந்த மரத்துக்கு நேர் கீழதான் எங்க அம்மா கட்டில் கெடந்துட்டு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. அடுத்த நாளே முட்டுக் கொடுத்து, அந்த வாரத்துலயே நுனிய வெட்டி எடுத்துட்டு பக்கத்துல வேற கட்டை சேத்து போல்ட் போட்டு நிறுத்துனோம். அதனால சொல்லுதேன், மரத்த கண்ணால மட்டும் பாக்காதீங்க, ஒவ்வொரு கைமரத்து நுனியையும் குத்தி பாருங்க, கால் இஞ்சிக்கு மேல சுளுவா உள்ள போச்சுன்னா ஆசாரிய கூப்டணும், ஓட்டுக்காரர மட்டும் கூப்ட்டா பத்தாது.

வெளிப்பக்கம் பாக்குறதுக்கு நீங்க ஏற வேண்டாம். பக்கத்து மாடில ஏறி மொபைல்ல ஸூம் பண்ணி போட்டோ எடுங்க, மாடி இல்லன்னா நீள மூங்கில்ல மொபைல நல்லா கட்டி வீடியோ ஓட விட்டு தூக்கி காட்டுங்க, பக்கத்துல கரண்ட் கம்பி போகுதான்னு பாத்துக்கிட்டு. வரிசை கோணலா இருக்கா, முகடு நடுவுல தொய்ஞ்சு தெரியுதா, எறவாணத்துல கடைசி வரிசை தள்ளி நிக்குதா, ரெண்டு சரிவும் சேர்ற கூடுவாய்ல எலைதழை அடைச்சிருக்கா. கூடுவாய்ல போட்ட தகரம் துருப்பிடிச்சு ஊசி ஊசியா ஓட்டை விடும், எலை மூடிருந்தா வெளிய தெரியவே தெரியாது, என் அனுபவத்துல பழைய வீட்டுல ஒழுக்குன்னா நான் மொதல்ல பாக்குறது அங்கதான்.

ஆள் ஏறும்போது ஒவ்வொரு ஓட்டையும் விரல் முட்டியால தட்டி பாக்க சொல்லுங்க. நல்ல ஓடு மணி மாதிரி சத்தம் கொடுக்கும், விரிசல் விட்டது சட்டி ஒடஞ்ச மாதிரி சொத்தையா கேக்கும். மாத்தப்போற ஓட்ட எறக்கி உங்ககிட்ட காட்டிட்டுதான் மாத்தணும்னு மொதல்லயே பேசிக்கிடுங்க, "எல்லாம் போயிட்டு, மொத்தமா மாத்தணும்"னு ஏறுன ஒடன சொல்லுற ஆள நம்பாதீங்க. இன்னொண்ணு, கம்பெனிக்கு கம்பெனி ஓட்டோட அளவும் வரிப்பள்ளமும் மாறும், உங்க ஓட்டுக்கு அடில அச்சுல பேரு இருக்கும், ஒடஞ்ச ஓடு ஒண்ண கைல எடுத்துக்கிட்டு பழைய ஓடு விக்கிற எடத்துக்கு போய் அதே பேரு போட்டத தேடி வாங்குங்க. நாலு ஓடு மாத்தியும் கறை பெருசாகுதுன்னீங்கல்ல, புது ஓடு பழைய ஓட்டோட சேராம நிக்குதான்னும் ஒரு தடவ பாத்திருங்க.

இதுக்கெல்லாம் நம்ம பக்கம் ஏத்த மாசம் புரட்டாசி. ஆடி ஆவணில மேக்காத்து விடாது, ஐப்பசி பொறந்தா மழை.

எங்களுது காங்கிரீட் வீடு, பாளையங்கோட்டை, 1998ல கட்டுனது. அந்த மழைல மாடில முழங்காலுக்கு கொஞ்சம் கீழ வரைக்கும் தண்ணி நின்னுச்சு, தண்ணி போற ஓட்டை அடைச்சிருந்தது அப்பறம்தான் தெரிஞ்சுது. இப்ப பெட்ரூம் சீலிங்ல நேரா ஒரு விரிசல், ஓரத்துல பழுப்பு கறை. பூசி பெயின்ட் அடிச்சா போதுமா? – வாசகர்

போதாது தம்பி, பூசவே பூசாதீங்க. நேர்கோட்டுல விரிசல், அதோட பழுப்புக் கறைன்னா உள்ள கம்பி துருப்பிடிச்சு இருக்குன்னு சந்தேகப்படணும். துரு கம்பிய விட கூட எடம் எடுத்துக்கும், எடம் பத்தாம காங்கிரீட்ட உள்ள இருந்து தள்ளும், மொதல்ல விரிசல், அப்பறம் காரை பேந்து விழும். இது மாசக்கணக்குல இல்ல, வருசக்கணக்குல நடக்கிற வேலை, அதனாலதான் 2023ல நின்ன தண்ணி இப்ப சீலிங்ல தெரியுது. ஒரு இஞ்சி தண்ணின்னா பத்துக்குப் பத்து ரூம் மேல 230 கிலோவுக்கு மேல வெயிட்டு, உங்க மாடில ஒரு அடி நின்னுருந்தா அத பன்னெண்டால பெருக்கி பாருங்க.

துடைப்பக் கம்பு பின்பக்கத்தால சீலிங்க வரிசையா தட்டிக்கிட்டே போங்க, கெட்டியா கேக்குற எடம் சரி, பொக்குன்னு கேக்குற எடத்த பென்சிலால சுத்தி வரைங்க. அந்த எடத்துக்கு கீழ கட்டில், தொட்டில் எதுவும் போட வேண்டாம். ஃபேன் கொக்கி பக்கத்துல கறை இருந்தா அந்த ஃபேனோட சுவிட்ச போடாதீங்க, எலக்ட்ரீசியன் பாக்குற வரைக்கும். மாடித் தரைல பதிச்ச தட்டோடு சந்துல சாந்து போயிருக்கா, கைப்பிடிச் செவரும் தரையும் சேர்ற மூலைல வெடிப்பு இருக்கா, டேங்க் நிக்கிற மேடை, டிஷ் ஆண்டெனாவுக்கு ஓட்டை போட்ட எடம், இதெல்லாம் பாருங்க. தண்ணி கட்டி நிறுத்தி டெஸ்ட் பண்ணலாம்னு சிலர் சொல்லுவாங்க, நல்ல கூரைக்கு அது சரி, பொக்கு விழுந்த கூரைல மறுபடியும் வெயிட்ட ஏத்தாதீங்க.

வேலை மேல இருந்து ஆரம்பிக்கணும், தண்ணி எறங்குறத மாடில நிறுத்தாம கீழ என்ன செஞ்சாலும் காசுதான் போகும். கீழ லூசா இருக்க காங்கிரீட்ட தட்டி எடுத்து, கம்பிய பிரஷ் போட்டு தேச்சு பளபளன்னு ஆக்கி, துரு தடுக்கிற கோட்டிங் கொடுத்து, அப்பறம்தான் சாந்து. கம்பி மெலிஞ்சு போயிருந்தா, இல்ல சீலிங் நடுவுல தொய்ஞ்சு தெரிஞ்சா, ஒரு சிவில் இன்ஜினியர் வந்து பாக்காம கொத்தனார்கிட்ட மட்டும் விடாதீங்க.

திசையன்விளை பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு போட்ட வீடு. மேல ஏறி பாக்கலாமா? – வாசகர்

ஏறாதீங்க. பழைய ஷீட்டு ஆள் வெயிட்டுக்கு சொல்லாம கொள்ளாம ஒடஞ்சிரும், விழுந்தா எழுந்திரிக்க மாட்டோம். கீழ இருந்தே போல்ட் அடிச்ச எடத்த பாருங்க, கடல் காத்து வர்ற ஊர்ல ஷீட்ட பிடிச்சிருக்க ஜே போல்ட் (J மாதிரி வளைஞ்ச போல்ட்) சீக்கிரம் துருப்பிடிக்கும், போல்ட்டுல இருந்து பழுப்பா கோடு வழிஞ்சிருந்தா வாசர் போயிட்டுன்னு அர்த்தம். ஓட்டை வட்டமா இல்லாம நீட்டா கிழிஞ்சிருந்தா காத்துக்கு ஷீட்டு ஆடிருக்கு, அடுத்த காத்துல அது நிக்காது. ஏறித்தான் ஆகணும்னா வேலைக்காரரு சட்டத்துக்கு மேல குறுக்க பலகை போட்டு, கயித்த கட்டிக்கிட்டு ஏறணும். வெடிச்ச ஷீட்ட அறுக்காதீங்க, தேய்க்காதீங்க, அந்த தூசு நுரையீரலுக்குள்ள போனா வெளிய வராது. மாத்தும்போது தண்ணி தெளிச்சு நனைச்சு, ஒடைக்காம முழுசா எறக்கணும்.

செவத்துல ஓதம் அடிக்குது. அது கூரைல இருந்து வருதா, வெள்ளத்தோட ஓதமான்னு எப்டி கண்டுபிடிக்க? – வாசகி, ஆத்தூர்

தரைல இருந்து ஏறி ரெண்டு மூணடில நின்னா மண்ணு ஓதம். உச்சில இருந்து எறங்குனா கூரை. நடுச்செவத்துல தனியா இருந்தா உள்ள பைப் போகுதான்னு பாருங்க, இல்லன்னா ஜன்னல் சன்ஷேடு. கோடைலயும் காயாம இருந்தா அது மழைத்தண்ணி இல்ல.

2023ல பட்ட சேதம்னு இப்ப தெரிஞ்சா இன்சூரன்ஸ் கேக்கலாமா? – வாசகர், வண்ணாரப்பேட்டை

கேக்கலாம், கெடைக்கிறது கஷ்டம். 2021 ஏப்ரல்ல இருந்து பாரத் கிருஹ ரக்ஷான்னு வீட்டுக்கு ஒரே மாதிரி பாலிசி வந்துருக்கு, புயல், வெள்ளம் எல்லாம் அதுல உண்டு. ஆனா சேதம் நடந்த ஒடன தெரிவிக்கணும், நாள்பட உளுத்தது, துருப்பிடிச்சதுக்கு கொடுக்க மாட்டாங்க, இத்தன வருசம் கழிச்சு இது அந்த மழைலதான் வந்துச்சுன்னு நீங்க காட்டுறது லேசுப்பட்டது இல்ல. வீட்டு லோன் வாங்கும்போதே பேங்க்ல ஒரு பாலிசி எடுத்துருப்பாங்க, நெறைய பேருக்கு அது இருக்கிறதே தெரியாது, லோன் ஃபைல எடுத்து பாருங்க. இனிமேலாவது வருசா வருசம் புரட்டாசில கூரைய, மச்ச, சீலிங்க போட்டோ எடுத்து தேதியோட வச்சுக்கிடுங்க, நாளைக்கு ஒண்ணுன்னா மழைக்கு முந்தி எப்டி இருந்துட்டுன்னு காட்ட அது இருக்கும்.

எங்க வீட்டுல ஓட்ட நகத்துறது காத்து இல்ல, கொரங்கு. என்ன செய்ய? – வாசகி, விக்கிரமசிங்கபுரம்

மலையோரத்துல எல்லாருக்கும் உள்ள பாடு இது. மொதல்ல கூரைய தொடுற மரக்கிளைய வெட்டுங்க, அது வர்ற வழியே அதான். எறவாணத்துல ரெண்டு வரிசையும் முகட்டு ஓரத்துல ஒரு வரிசையும் ஓட்டுல ஏற்கனவே இருக்க ஓட்டை வழியா ரீப்பரோட செப்புக் கம்பி போட்டு கட்டிருங்க, காத்துக்கும் அது நல்லது. மாசம் ஒரு தடவ மச்சுல லைட்ட அணைச்சுட்டு பாக்குறத மட்டும் நீங்க விடக்கூடாது.

ஓடு மாத்தியாச்சு. ஒழுக்கு நின்னுட்டா இல்லையான்னு எப்டி தெரிஞ்சுக்கிட? பழைய கறை அப்டியே இருக்கே. – வாசகர், நாங்குநேரி

கறை ஓரத்த ஒட்டி பென்சிலால ஒரு கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதுங்க. நல்ல மழை பேஞ்சு ரெண்டு நாள் கழிச்சு பாருங்க, கறை கோட்ட தாண்டிருந்தா இன்னொரு கோடு, இன்னொரு தேதி. மூணு பெரிய மழைக்கும் கோட்ட தாண்டலன்னா நின்னுட்டு. அதுக்கப்பறம் பெயின்ட் அடிங்க, அதுக்கு முந்தி அடிக்காதீங்க.